தாத்தா வீட்டை இடிக்கவா, பிரிக்கவா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா 1952-இல் கட்டிய வீடு இருக்கிறது. முன்பக்கம் திண்ணை, நடை, கூடம். கூடத்துக்கு மேலே தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ், தாழ்வாரத்துக்கு ஓடு. பின்பக்கத்தில் அப்பா 1986-இல் சமையலறையும் ஒரு படுக்கையறையும் சேர்த்துக் கட்டினார். அது சிமெண்ட் சுவர், கான்கிரீட் தளம். பத்து வருடமாக ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்ததில் ஒரு பக்கச் சுவர் வெடித்துவிட்டது. அதே மனையில் 1,200 சதுர அடியில் புது வீடு கட்டப் போகிறோம். இடிப்பு காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "75,000 ரூபாய் கொடுத்துடறேன், உள்ளே இருக்கிறதெல்லாம் எனக்கு. பொக்லைன் வச்சு நாலே நாளில் தரைமட்டம்" என்கிறார். தம்பிக்குச் சம்மதம், எனக்கு மனசு வரவில்லை. பழைய செங்கல், மரம், ஓடு, கம்பி இதெல்லாம் புது வீட்டுக்கு உதவுமா? பலம் இருக்குமா? பழைய மரம் புது வீட்டுக்கு ஆகாது என்று அத்தை வேறு சொல்கிறார். மிச்சமாகும் இடிபாட்டை என்ன செய்வது? – ஓர் ஆசிரியை

பதில்: வணக்கம்மா. பணத்தை வாங்குவதற்கு முன்னால் எழுதிக் கேட்டீர்களே, அதுவே நல்ல காரியம். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "போன மாதம் இடித்தாகிவிட்டது சார், குவியலாகக் கிடக்கிறது, என்ன செய்யலாம்?" என்றுதான் வரும். அதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இருப்பதில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு வார்த்தை உண்டு. ஒன்று இடிப்பது, இன்னொன்று பிரிப்பது. ஓட்டைப் பிரிக்கிறோம், பந்தலைப் பிரிக்கிறோம் என்றுதான் சொல்வோம். யாரும் பந்தலை இடிப்பதில்லை. கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், கடைசியாக வைத்ததை முதலில் எடுத்துக்கொண்டு வருவது பிரிப்பு. உங்கள் வீட்டின் முன்பக்கம் பிரிக்க வேண்டிய வீடு. பின்பக்கம் இடிக்க வேண்டிய வீடு. காண்ட்ராக்டர் இரண்டையும் ஒரே விலையில் சேர்த்துவிட்டார், அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஏன் அப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்றால், எல்லாம் சாந்தில்தான் இருக்கிறது. 1952-இல் கிராமத்தில் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். சுண்ணாம்பு செங்கல்லைவிட மெதுவானது. கல்லைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தட்டினால் விட்டுவிடும். சிமெண்ட் அப்படியில்லை, கல்லைவிடக் கெட்டியாக இறுகிவிடும். சிமெண்ட் சுவரில் ஒரு செங்கல்லை எடுக்கப் போனால் சாந்து உடையாது, கல்தான் உடையும். இதை நீங்களே பார்க்கலாம். ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய், முன்பக்கச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி கொட்டினால் சுண்ணாம்பு. பின்பக்கச் சுவரில் அதே ஸ்குரூடிரைவர் கீறல் மட்டும்தான் போடும்.

சுண்ணாம்புச் சுவரை ஆள் வைத்து மேலிருந்து வரிசை வரிசையாக எடுத்தால், என் அனுபவத்தில் பத்துக்கு ஆறு, ஏழு கல் முழுசாக வந்துவிடும். அதே சுவரைப் பொக்லைன் கையால் தள்ளினால் இரண்டு தேறினாலே அதிகம்.

மயிலாடுதுறை பக்கம் ஒரு வீட்டைப் பிரித்தபோது வேப்பமரத்து நிழலில் ஒரு அம்மாள் உட்கார்ந்து கல் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இடது கையில் கல், வலது கையில் சின்னச் சுத்தியல். ஒட்டியிருந்த சாந்தை நாலு தட்டில் உதிர்ப்பார், அப்புறம் அந்தக் கல்லை இன்னொரு கல்லோடு லேசாக மோதுவார். 'டங்' என்று மணிச் சத்தம் வந்தால் வலது பக்கக் குவியல். 'தொப்' என்றால் இடது பக்கம். உடைந்தது எல்லாம் பின்னால் போகும். நான் அரை மணி நேரம் நின்றேன், அவர் ஒரு தடவைகூடக் குவியல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, காதுதான் வேலை செய்தது. நான் அவருடைய வலது பக்கக் குவியலிலிருந்து ஐந்து கல்லை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஐந்தும் தேறின.

நீங்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. மூன்றடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. அப்புறம் தண்ணீர்ச் சோதனை. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடக் கூடாது. 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்குள் நிற்க வேண்டும். இதில் தேறியதில் ஐந்து கல்லைப் பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரியின் சிவில் ஆய்வகத்தில் கொடுத்தால் நசுக்கிப் பார்த்து பலத்தை எண்ணாகவே சொல்லிவிடுவார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் என்பதுதான் நம் நாட்டுத் தர விதியில் கடைசிப் படி. அதற்குக் கீழே வந்தால் சுவருக்கு வேண்டாம்.

ஒரு கல்லை மட்டும் சோதிக்காமலே ஒதுக்குங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இல்லையா, அந்தக் கற்கள். காய்ந்திருக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும், மழைக்காலத்தில் புதுப் பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். காவிரிப் படுகையில் இந்த உப்புத் தொல்லை இல்லாத பழைய வீட்டை நான் பார்த்தது குறைவு.

சரி, பலம் இருக்குமா என்று கேட்டீர்கள். புது வீட்டுக்கு பில்லர் போட்டுக் கட்டப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், இப்போது எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். அந்த வீட்டில் பாரத்தைத் தாங்குவது தூணும் பீமும். நடுவில் வரும் சுவர் தன் எடையைத் தாங்கி நின்றால் போதும். தாத்தா காலத்தில் அதே கல் தளத்தின் பாரம் முழுவதையும் எழுபது வருடம் சுமந்திருக்கிறது, இனிமேல் அதற்கு வேலை குறைவுதான். உள்சுவர், காம்பவுண்டு சுவர், பேஸ்மெண்டுக்குள் வரும் குறுக்குச் சுவர் இவற்றுக்குத் தாராளமாக வைக்கலாம். சிமெண்ட் ஒன்று, மணல் ஆறு என்ற கலவை போதும், கெட்டிக் கலவை வேண்டாம். வைப்பதற்கு முன் நன்றாக நனைக்கச் சொல்லுங்கள். பழைய கல் தண்ணீரை அதிகம் குடிக்கும், காய்ந்து போய் வைத்தால் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, சாந்து மணலாக உதிரும். புதுக் கல்லையும் பழைய கல்லையும் ஒரே வரிசையில் கலக்கவும் கூடாது. பழைய கல்லின் கனமும் நீளமும் வேறு. கொத்தனார் அதைச் சரிக்கட்டவே சாந்தை அள்ளிப் பூசுவார், நீங்கள் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். ஒரு சுவர் என்றால் முழுவதும் பழசு, இன்னொன்று முழுவதும் புதுசு.

இனி மரம். உங்கள் வீட்டில் பணம் இருப்பது இங்கேதான்.

கூடத்துத் தளத்தைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வரிசையாக உத்திரக் கட்டைகள் தெரியும். எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கட்டையின் அகலத்தையும் உயரத்தையும் அங்குலத்தில் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்து, நீளத்தை அடியில் பெருக்கினால் கன அடி வந்துவிடும். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், 11 அடி நீளம், 12 கட்டை இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 22 கன அடி. இனி கும்பகோணத்தில் ஏதாவது ஒரு மரவாடிக்குப் போய், பழைய தேக்கு கன அடி என்ன விலைக்கு எடுப்பார்கள், புதுத் தேக்கு என்ன விலைக்குக் கொடுப்பார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். விற்பதற்கு முதல் விலையால் பெருக்குங்கள், வாங்காமல் மிச்சமாகும் பணத்துக்கு இரண்டாவது விலையால் பெருக்குங்கள். இன்னும் கதவு, நிலை, ஜன்னல், தாழ்வாரத்துத் தூண் எதையும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்புறம் அந்த 75,000-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு வண்டி வாடகை, கூலி, டீசல் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் அண்ணாந்து பார்த்து எண்ணிவிட்டார், நீங்கள் எண்ணவில்லை.

பழைய மரத்தில் பார்க்க வேண்டிய இடம் நுனி. சுவருக்குள் புதைந்த கடைசி ஒரு அடி எப்போதும் ஈரம் வாங்கும், கரையானும் அங்கேதான் நுழையும். நடுவில் தட்டினால் கணீரென்று இருக்கும் கட்டை, நுனியில் ஸ்குரூடிரைவர் வைத்தால் பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். அதனால் ஒரு கட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; இரண்டு பக்கமும் ஓரடி அறுத்துத் தள்ளினால் மிச்சம் ஒன்பதடி வைரம். வைரம் பாய்ந்த கட்டை என்று மனிதரைச் சொல்கிறோமே, அது இந்த மரத்தின் உள்பகுதியைப் பார்த்து வந்த சொல். எழுபது வருடம் காய்ந்த மரம், வளைய வேண்டியதெல்லாம் எப்போதோ வளைந்து முடித்துவிட்டது. இன்று மில்லில் அறுத்துக் கொடுக்கும் புது மரம் ஆறு மாதத்தில் கதவைப் பிடிக்க வைக்கும், இது வைக்காது.

அறுப்பதற்கு முன் ஆணி பிடுங்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் சரி சரி என்பார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். தலை முறிந்து உள்ளே தங்கிய ஒரு ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். அடுத்த முறை அந்த மில்காரர் பழைய மரம் என்றாலே கேட்டைச் சாத்துவார். ஒரு காந்தத்தை நூலில் கட்டிக் கட்டையின் மேலே மெதுவாக நகர்த்தினால் ஆணி இருக்கிற இடத்தில் இழுக்கும். மேலாக இருப்பதற்கு இது போதும்.

கதவையும் ஜன்னலையும் தேய்த்து, பழைய பெயிண்டை எடுத்துப் பாலிஷ் போடலாம் என்று தச்சர் சொல்வார். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தியதே 2017 நவம்பரில்தான். அதனால் காய்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்ப்பதோ, தீயை வைத்துப் பொசுக்குவதோ வேண்டவே வேண்டாம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், முகத்துக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வழிக்கிற சேற்றைச் சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

நிலையை எடுக்கும்போது சுவரை இரண்டு பக்கமும் பிரித்த பிறகு கடைசியாக எடுக்க வேண்டும். முதலில் நெம்பினால் மூலை விட்டுப் போகும். கதவு கீலில் இல்லாமல் குடுமியில் சுற்றுகிற பழைய மாதிரி என்றால், கீழே குழி போட்ட கல் ஒன்று புதைந்திருக்கும். அதையும் தோண்டி எடுத்து வையுங்கள், பத்துக்கு ஒன்பது வீட்டில் அது இடிபாட்டோடு போய்விடுகிறது. வாசல் நிலை உயரம் குறைவாக இருக்கும், குனிந்து போகிற மாதிரி. புது வீட்டில் மேலே ஒரு காற்றுவாரி வைத்து ஏழடியாக்கலாம். இல்லாவிட்டால் பூஜை அறைக்கு அப்படியே வைத்துவிடலாம்.

அத்தை சொன்னதற்கு வருகிறேன். நான் ஜோசியன் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன், கேட்டவரை அது வேறொருவர் வீட்டில் இருந்து விலைக்கு வாங்கிய மரத்தைப் பற்றியது. எந்த வீட்டு மரம், அங்கே என்ன நடந்தது என்று தெரியாததால் வந்த பயம். இது உங்கள் தாத்தா பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட மரம், நீங்கள் பிறந்து வளர்ந்த கூடம். அத்தையிடம் அதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் தலைவாசலை மட்டும் புதிதாகச் செய்துவிடுங்கள். ஒரு நிலைக்காகப் பெரியவர்களோடு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். செட்டிநாட்டில் பர்மா தேக்குத் தூணும் கதவுமாகப் பிரித்தது எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் முழு வீடுகளையே பிரித்துக் கொண்டு வந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். பிரித்ததைத் திரும்பப் பூட்டுவதற்கு ஒரே வழி, எடுக்குமுன் ஒவ்வொரு துண்டிலும் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ எண் போடுவது. உங்கள் தாழ்வாரத்துத் தூண், அதன் தலையில் உட்காரும் போதிகை, அடிக்கல் மூன்றுக்கும் ஒரே எண்ணைப் போடுங்கள். பிறகு எது எதோடு சேரும் என்று தச்சரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

மெட்ராஸ் டெரஸைப் பிரிப்பது விவரம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. மேலே தட்டோடு, அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த படுகை, அதற்கும் கீழே கட்டையிலிருந்து கட்டைக்குக் குறுக்காகச் சாய்த்துக் குத்துக்கல்லாக அடுக்கிய சின்னச் செங்கற்கள். அந்தக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. நடுவில் ஒரு வரிசையை எடுத்துவிட்டால் மீதி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். ஆட்கள் செங்கல் மேல் நிற்கக் கூடாது, உத்திரங்களுக்குக் குறுக்கே கனத்த பலகை போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். கீழே கூடத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு சுவர் வெடித்திருக்கிறது என்கிறீர்கள், அந்தப் பக்கத்து உத்திரங்களுக்குக் கீழே முட்டுக் கொடுத்த பிறகுதான் மேலே ஆள் ஏற வேண்டும். இந்தச் சின்னச் செங்கல்லைச் சித்துக்கல் என்பார்கள். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். உங்களுக்கே திண்ணை முகப்பிலோ தோட்டத்து நடைபாதையிலோ பூசாமல் வைத்தால் அழகாக இருக்கும்.

தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றனவா? இருந்தால் பொறுங்கள். பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் இருப்பது சகஜம், பக்கத்து வீட்டு உத்திரத்தின் நுனி உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவர் யாருடையது என்று பத்திரத்தில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். பொதுச்சுவர் என்றால் அதைத் தொடாமல், உங்கள் மனைக்குள் தனியாகத் தூண் எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான். பொக்லைனுக்கு இது தெரியாது.

ஓடு மங்களூர் ஓடா, நாட்டு ஓடா என்று எழுதவில்லை. தட்டையாக, பள்ளம் மேடோடு, பின்னால் கம்பெனி முத்திரை அடித்திருந்தால் மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் 1865-இல் மங்களூரில் ஆரம்பித்த தொழில் அது. பழைய ஓட்டைப் பாசி போகத் தேய்த்துக் கழுவி, தட்டிப் பார்த்து, கீறல் இல்லாததைக் கார் நிறுத்தவோ மாடியில் துணி காயப் போடவோ கூரையாகப் போடலாம். நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். இன்னொரு உபயோகமும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இருக்கிற கான்கிரீட் இழுப்பைத் தாங்குவதில்லை, அங்கே தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்து, மேலே கான்கிரீட் போட்டால் தளத்தின் எடையும் குறையும், சிமெண்டும் குறையும், வெயில் இறங்குவதும் கொஞ்சம் குறையும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இதைப் பரவலாக்கினார். கீழே பூசாமல் விட்டால் சிவப்பு ஓடு வரிசையாகத் தெரியும். ஆனால் கம்பிக் கணக்கை ஒரு பொறியாளர் போட்டுக் கொடுக்க வேண்டும், கொத்தனார் யோசனையில் செய்யக் கூடாது.

தாழ்வாரத்துக் கைமரம் பனையாக இருந்தால், கறுத்துக் கெட்டியாக இருக்கிறதா பாருங்கள். வைரம் பாய்ந்த பனையைக் கரையான் லேசில் தொடாது. வெளுப்பாக நார் நாராக இருப்பது அடுப்புக்குத்தான்.

கம்பி விஷயத்தில் ஆசையே வேண்டாம். பின்பக்கத்துத் தளத்தில் இருப்பது அந்தக் காலத்து முறுக்குக் கம்பியாக இருக்கும். இடிக்கும்போது வளைந்த கம்பியை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும், பலம் திரும்பாது. நிமிர்த்தும்போதே முறிவதும் உண்டு. எடைக்குப் போட்டுவிடுங்கள். ஆனால் ஜன்னலுக்கு மேலோ தாழ்வாரத்திலோ பழைய ரயில் தண்டவாளத் துண்டோ இரும்பு கர்டரோ போட்டிருந்தால் அது வேறு விஷயம். துரு தட்டிப் பார்த்து, செதில் செதிலாக வராவிட்டால் மாடிப்படிக்கோ தண்ணீர் டேங்க் மேடைக்கோ மறுபடி உதவும். பழைய வயர், சுவிட்சு, ஜிஐ குழாய் எதையும் புது வீட்டுக்குள் விடாதீர்கள். செம்பு, பித்தளைக்கு எடைக்கடையில் நல்ல விலை உண்டு. அலமாரியில் இருக்கும் கடப்பா கல்லைச் சுவர் பிரிக்கும்போது மெதுவாக உருவி எடுத்தால் அப்படியே அடுத்த அலமாரிக்கு ஆகும். கூடத்துச் சிவப்பு ஆக்ஸைடு தரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் ஊர்ப் பக்கம்தான் திருக்கோடிக்காவல். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி அங்கிருந்த செங்கல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக மாற்றியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பு இருக்கும். நம்மால் அந்த அளவு முடியாது. பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து அறை அறையாக அளவெடுத்து ஒரு வரைபடம் போட்டு வைக்கலாம், அதற்கு ஒரு டேப்பும் நோட்டும் போதும்.

இப்போது மிச்சம். உடைந்த செங்கல், சாந்து, கான்கிரீட் கட்டி. உடைந்த செங்கல்லை ஜல்லியாக்கி, சுண்ணாம்போடு சேர்த்துப் புது மாடியின் மேல் வெயில் தாங்கும் படுகையாக அடிக்கலாம். தாத்தா வீட்டுக் கூடத்துக்கு மேலே இருந்ததும் அதே பொருள்தான். பின்பக்கத்துக் கான்கிரீட்டை ஒன்றரை அங்குலத்துக்கு உடைக்கச் சொல்லித் தரைக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டுக்கு வைக்கலாம். இது நானாகச் சொல்வதில்லை. நம் நாட்டின் ஜல்லித் தர விதியான ஐ.எஸ். 383-இன் 2016 திருத்தம், எம் 15 என்ற பலப் படிக்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் ஜல்லி முழுவதும் பழைய கட்டட ஜல்லியாகவே இருக்கலாம் என்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டில் எம் 25 வரை 20 சதவீதம்தான், அதுவும் சுத்தமான கான்கிரீட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கென்றே அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன, அங்கே பிரித்துச் சலித்துத் தருவார்கள். நீங்கள் ஆள் வைத்துச் சுத்தியலால் உடைப்பது அந்தத் தரத்துக்கு வராது. அதனால் தூண், பீம், தளம் மூன்றுக்கும் புது ஜல்லி மட்டுமே.

மீதியைப் பேஸ்மெண்டு நிரப்பப் போடலாம். டெல்டாவில் வீட்டை உயர்த்திக் கட்டுவதற்கு எப்படியும் லோடு லோடாக மண் அடிக்க வேண்டும், அதில் நல்ல மிச்சம். அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். இதில் நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு இடிபாட்டை அப்படியே அள்ளி நிரப்பச் சொன்னேன். அதில் ரீப்பர் துண்டு, கதவுச் சிராய், பழைய சாக்கு எல்லாம் கிடந்தது. பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டேன். மூன்றாவது வருடம் அந்த வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, புது நிலையின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். விரல் உள்ளே போனது. கீழே நான் புதைத்து வைத்த மரத்தைத் தின்று முடித்துவிட்டு கரையான் மேலே ஏறியிருந்தது. அன்றிலிருந்து நிரப்பும் இடிபாட்டை ஒரு தடவை கூடையில் கொட்டிக் கையால் கிளறாமல் உள்ளே விடுவதில்லை.

பின்பக்கம் எங்காவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கித் தனியாக வைத்து, ஒப்படைக்கும் வழியைப் பஞ்சாயத்தில் கேளுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். நிரப்பவும் கூடாது, உடைத்து எறியவும் கூடாது.

சட்டமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டட இடிபாட்டுக்கென்று 2016-இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. ஒரே நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு உண்டாக்குபவர்கள் திட்டம் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று அவற்றில் இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2025-இல் அறிவித்த புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் பெரிய பொறுப்பு 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுபவர்களுக்கு. வீடு சின்னதானாலும் தெருவிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. உங்கள் காண்ட்ராக்டர் எங்கே கொண்டு போய்க் கொட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் பதில் வாய்க்கால் கரைதான்.

அவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத்தை மட்டும் அவருக்கு இடிக்கக் கொடுங்கள், அந்தக் கம்பி அவருக்கே போகட்டும். முன்பக்கத்தைப் பிரிப்பதற்கு நாள்கூலியில் ஒரு தச்சரையும் ஓடு பிரிக்கிற ஆட்களையும் போடுங்கள். மூன்று வாரம், ஒரு மாதம்கூட ஆகலாம். இரண்டு தரப்போடும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எது யாருக்கு, இடிபாடு எங்கே போகிறது, உங்களுக்குத் தெரியாமல் மனையை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது, பணம் மூன்று தவணை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்பதை வாரியத்து ஆள் வந்து உறுதி செய்த பிறகே முதல் ஓட்டில் கை வைக்க வேண்டும். செப்டிக் டேங்கை வண்டி வைத்துக் காலி செய்துவிடுங்கள், உள்ளே ஒருவரையும் இறக்காதீர்கள்.

தை அறுவடை முடிந்து மாசியில் ஆரம்பித்தால் சித்திரைக்குள் பிரித்து முடித்துவிடலாம், மழைக்கு வெகு நாள் இருக்கும். மரத்தைத் தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே குச்சி கொடுத்து, மேலே கீற்றுக் கொட்டகை போடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடினால் புழுங்கிப் பூஞ்சணம் வரும்.

தம்பி அவசரப்படுகிறார் என்று தெரிகிறது. மரவாடி விலையைக் கேட்டு வரவும், உத்திரங்களை எண்ணி அளவெடுக்கவும் அவரையே அனுப்புங்கள். அந்தக் கணக்கு நோட்டு அவர் கையில் இருக்கட்டும்.